ஆம்பூரில் நண்டு வளர்க்கலாமா? முதலில் காலண்டரைப் பாருங்கள்!

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து மொபைலைத் திறந்தால் அந்த ரீல்ஸ் உங்களுக்கும் வந்திருக்கும். அடுக்கடுக்காகக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை விடப் பெரிய நண்டு. “வீட்டிலேயே நண்டு வளர்க்கலாம், மாசம் லட்ச ரூபாய் சம்பாதிக்கலாம்” என்று பின்னணியில் ஒரு குரல். கையில் கொஞ்சம் சேமிப்பு, ஊரில் அப்பாவின் பெயரில் அரை ஏக்கர் நிலம், கிணற்றில் உப்புத் தண்ணீர். வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு அடுத்த கேள்வி தானாகவே வரும். “நம்ம தண்ணி எப்படியும் உப்புதானே, நாமளும் பண்ணலாமே?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதில் ஒருவரின் பல வருடச் சேமிப்பும், அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் சுருக்கமான பதில். நண்டு வளர்ப்பு உண்மையான தொழில்தான். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் அதற்கு ஆராய்ச்சியும் குஞ்சு பொரிப்பகமும் பயிற்சியும் இருக்கின்றன. ஆனால் அது பணத்தை விடக் காலத்தைச் சார்ந்த தொழில். எந்த மாதம் குஞ்சு விடுவது, எந்த வாரம் தண்ணீர் மாற்றுவது, எந்த நாளில் பிடிப்பது என்பதுதான் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. அந்தக் காலண்டரைக் கடலும் மழையும் எழுதுகின்றன. கடலில் இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் நமக்கு அது எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம்.

எந்த நண்டைப் பற்றிப் பேசுகிறோம்?

மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் வரும் நீலக்கால் நண்டும், முதுகில் மூன்று புள்ளி போட்ட நண்டும் பெரும்பாலும் கடலில் பிடித்தவை. வளர்ப்புத் தொழிலின் நாயகன் வேறு. அது சேற்று நண்டு. கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் சேற்றில் வளை தோண்டி வாழ்வதால் இந்தப் பெயர். கழி நண்டு என்றும் சொல்வார்கள். பிச்சாவரம், பழவேற்காடு பக்கம் போனவர்கள் கொடுக்கைக் கயிற்றால் கட்டிவைத்து விற்பதைப் பார்த்திருக்கலாம்.

உலகத்தில் சேற்று நண்டில் நான்கு இனங்கள் உண்டு. அதில் ஒன்றின் அறிவியல் பெயர் ‘ஸ்கில்லா டிராங்குபாரிகா’. அதாவது தரங்கம்பாடி. நம்ம கடலோர ஊரின் பெயரைத்தான் அந்த நண்டு சுமந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் அதிகம் வளர்க்கப்படுவது ‘ஸ்கில்லா செர்ராட்டா’ என்ற பெரிய பச்சை நண்டு. நன்றாக வளர்ந்த ஆண் நண்டு ஒன்றே இரண்டு கிலோவைத் தாண்டும். சற்றுச் சிறியதான செந்நிற நண்டு ‘ஸ்கில்லா ஒலிவேசியா’.

இதன் மதிப்புக்கு முக்கியக் காரணம், தண்ணீரை விட்டு எடுத்த பிறகும் ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் சில நாட்கள் உயிரோடு இருக்கும். அதனால்தான் கூடையில் கட்டி விமானம் ஏற்றி சிங்கப்பூர், மலேசியா, சீனா வரை அனுப்ப முடிகிறது. உயிரோடு போனால் ஒரு விலை. செத்துப்போனால் கிட்டத்தட்ட விலையே இல்லை.

நம்ம ஏரிகளிலும் வயல்களிலும் இருக்கும் வயல் நண்டு முற்றிலும் வேறு ரகம். அது வாழ்க்கை முழுவதும் நல்ல தண்ணீரிலேயே இருக்கும். குட்டிகளைத் தன் வயிற்று மடிப்பிலேயே சுமக்கும். நெஞ்சு சளிக்கு ரசம் வைப்பார்கள், ஆனால் நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டில் நுரையீரல் புழு தொற்றும் ஆபத்து உண்டு. ரீல்ஸில் காட்டும் வியாபாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டு தண்ணீரில் வாழும் உயிர்

சேற்று நண்டின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் பாதித் தொழிலைப் புரிந்துகொண்ட மாதிரி. வளரும் காலத்தைக் கழிமுகத்தில் கழிக்கும் பெண் நண்டு, முட்டையிட ஆழக்கடலை நோக்கிப் போகும். ஒரு பெரிய நண்டு பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். பொரிந்து வருவது நண்டு மாதிரியே இருக்காது. தூசி அளவுள்ள லார்வா, ஐந்து கட்டம் தாண்டி, ‘மெகலோபா’ என்ற இடைநிலைக்கு வந்து, அதன் பிறகுதான் குட்டி நண்டாக மாறும். இதற்கே ஏறக்குறைய ஒரு மாதம்.

லார்வாவுக்குக் கிட்டத்தட்ட முழுக் கடல் உப்பு வேண்டும். அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் 28 முதல் 35 கிராம் உப்பு. பண்ணைக்காரர்கள் இதை ‘பிபிடி’ என்று சொல்வார்கள். 1 பிபிடி என்றால் லிட்டருக்கு ஒரு கிராம். குட்டியாகிக் கழிமுகத்துக்கு வந்த பிறகு 10 முதல் 25 பிபிடி போதும். உப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நண்டு தாங்கும். தாங்காதது ஒரே இரவில் நடக்கும் மாற்றத்தை.

இந்தச் சிக்கலான பிள்ளைப் பருவத்தால்தான் பல ஆண்டுகளாக நண்டு வளர்ப்பு என்றால் காட்டில் குட்டி பிடித்துவந்து விடுவது என்றே இருந்தது. அலையாத்திக் காட்டில் குட்டிகளை வாரி எடுத்தால், நாளைக்குப் பெரிய நண்டு எங்கிருந்து வரும்? இந்தப் பிரச்சினைக்குத் தீர்வாகத்தான் மத்திய அரசின் கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், சீர்காழி அருகே தொடுவாயில் 2013-ல் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகத்தைத் தொடங்கியது. இந்தியாவில் இந்த வகையில் இதுதான் முதல். அங்கேயும் பொரிக்கும் லார்வாக்களில் மிகச் சிறிய பங்குதான் குட்டியாகிறது. ஆகவே குஞ்சு என்பது கடையில் போய் வாங்கும் சரக்கு அல்ல. முன்கூட்டியே பதிவு செய்து, அது கிடைக்கும் தேதிக்கு நம் குளம் தயாராக இருக்க வேண்டும்.

காலண்டர் இங்கேதான் தொடங்குகிறது.

தை முதல் மார்கழி வரை: ஒரு குளத்தின் ஆண்டு

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆறுகள் கழிமுகத்துக்கு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். உப்பு சட்டென்று இறங்கும். புயல் வந்தால் கரை உடையும். எனவே வங்கக் கடலோரத்தில் நண்டுப் பயிரின் கணக்கு எளிமையானது: மழை முடிந்து ஆரம்பி, அடுத்த மழைக்குள் முடி.

ஜனவரி, பிப்ரவரி: குளத்தை வற்றவிட்டு, அடிச்சேறு வெடிக்கும் அளவுக்குக் காயவைப்பார்கள். பழைய மீன், இறால், எதிரி நண்டுகள் எல்லாம் இதில் ஒழியும். சுண்ணாம்பு இடுவது, கரையைப் பலப்படுத்துவது, மதகில் வலை கட்டுவது, சுற்றிலும் வேலி போடுவது எல்லாம் இந்த வேலைகள்தான். நண்டு நடக்கும், ஏறும், கரையைக் குடைந்து வெளியேறும். அதனால் வலை வேலியின் மேல் ஓரத்தில் வழுக்கும் பிளாஸ்டிக் ஷீட் கட்டாயம். அதே சமயம், பொரிப்பகத்தில் இருந்து வரும் பொடிக் குஞ்சுகளைச் சிறு வலைத் தொட்டிகளில் விட்டு நான்கைந்து வாரம் நர்சரியாக வளர்க்க வேண்டும். நேராகப் பெரிய குளத்தில் கொட்டினால் எண்ணிக்கை போவது தெரியாமலே போய்விடும்.

மார்ச்: இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் அளவு குட்டிகளைக் குளத்தில் விடும் நேரம். தண்ணீர் 15 முதல் 25 பிபிடிக்குள், வெப்பம் 25 முதல் 32 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. விடுவது விடியற்காலையில் அல்லது மாலையில். வந்த பையின் தண்ணீரோடு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிய பிறகுதான் திறக்க வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: இது வெயிலோடு மல்லுக்கட்டும் காலம். ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகும். குளத்தின் உப்பு கடலை விடவும் ஏறலாம். தண்ணீரின் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையவே கூடாது. ஓதம் ஏறும் நாட்களில் புதுத் தண்ணீர் எடுப்பது, முடிந்தால் நல்ல தண்ணீர் கலப்பது என்று சமாளிக்க வேண்டும். கூடவே இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நண்டுக்குத் தீவனமாகும் சங்காயம், அதாவது விலைபோகாத பொடி மீன், கிடைப்பது குறையும், விலை ஏறும். நண்டு வேகமாகச் சாப்பிடும் காலமும் இதுவே. முன்யோசனை உள்ளவர்கள் தடைக்காலத்துக்கு முன்பே தீவனத்துக்கு வழி பண்ணிவிடுவார்கள்.

ஜூலை, ஆகஸ்ட்: நண்டுகள் ஒரே அளவில் வளராது. பெரியதைப் பொறியிலும் தூண்டில் வலையிலும் பிடித்து அவ்வப்போது விற்றுக்கொண்டே வந்தால், மீதி இருப்பவை நிம்மதியாக வளரும். விட்டதில் இருந்து ஆறு மாதம் எண்ணினால் ஆகஸ்ட் கடைசி வந்துவிடும்.

செப்டம்பர்: முழு அறுவடை. “இன்னும் ஒரு மாசம் விட்டா இன்னும் நூறு கிராம் ஏறும்” என்ற ஆசை வருவது இந்த மாதத்தில்தான். அந்த நூறு கிராமுக்காகக் காத்திருந்து, முதல் பெரிய மழையில் மொத்தத்தையும் இழக்கும் ஆபத்தும் இந்த மாதத்தில்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: ஓய்வு, பழுது பார்த்தல், அடுத்த குஞ்சுக்குப் பதிவு. இந்தக் காலத்திலும் குளத்தில் நண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மழைத் தண்ணீர் எடை குறைவு. உப்புத் தண்ணீரின் மேல் தனி அடுக்காக மிதக்கும். மதகின் மேல்பலகையை எடுத்து அந்த மேல் தண்ணீரை உடனே வெளியேற்றாவிட்டால், கீழே காற்றில்லாமல் நண்டு மூச்சுத் திணறும். அப்போதுதான் வேலியைத் தாண்டப் பார்க்கும்.

உடையை மாற்றும் ராத்திரி

தோல் தொழில் செய்யும் ஊருக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். நண்டின் ஓடு வளராது. உள்ளே உடம்பு பெருத்ததும், பழைய ஓட்டைப் பின்பக்கமாகத் திறந்து, மிருதுவான புது ஓட்டோடு வெளியே வரும். உடனே தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். அப்படித்தான் ஒரே நாளில் அளவு கூடுகிறது. குட்டியாக இருக்கும்போது சில நாட்களுக்கு ஒருமுறை, வளர வளர மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இன்னும் நீண்ட இடைவெளியில் இது நடக்கும்.

ஓடு கழற்றிய சில மணி நேரம் அதற்குக் கொடுக்கும் இல்லை, கவசமும் இல்லை. பக்கத்தில் இருக்கும் நண்டுக்கு அது வெறும் சாப்பாடு. தன் இனத்தையே தின்பதுதான் நண்டு வளர்ப்பில் மிகப் பெரிய இழப்பு. நோயை விடவும் திருட்டை விடவும் இதுவே அதிகம் கொண்டுபோகும். ஒரே ஒரு விதிவிலக்கு, இணை சேரும் காலம். பெண் நண்டு ஓடு கழற்றுவதற்கு முன்பே ஆண் நண்டு அதைக் கட்டிப்பிடித்துக் காவல் காக்கும். ஓடு கெட்டியாகும் வரை பெரும்பாலும் விடாது.

இதற்கான பராமரிப்பு மூன்று விஷயத்தில் அடங்கும். ஒன்று, நெருக்கம். சதுர மீட்டருக்கு ஒரு நண்டுக்கு மேல் போகாமல் இருப்பது. இரண்டு, ஒளிய இடம். உடைந்த பிவிசி குழாய், பழைய ஓடு, டயர் துண்டு, வலைக் கற்றை என்று குளத்தடியில் நிறையப் போட்டுவைப்பது. மூன்று, வயிறு. பசித்த நண்டுதான் பக்கத்து நண்டைத் தேடும். மொத்த நண்டின் எடையில் ஆரம்பத்தில் 8 முதல் 10 சதவீதம், பிறகு படிப்படியாகக் குறைத்து 3 முதல் 5 சதவீதம் வரை தீவனம் போவது வழக்கம். பொடி மீன், மட்டி, நத்தைச் சதை எல்லாம் சாப்பிடும். நண்டு இரவில் திரியும் உயிர் என்பதால் பெரும்பங்கைப் பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டும். காலையில் தட்டில் மீதி இருந்தால் அன்றைக்கு அளவைக் குறைக்க வேண்டும். மீந்த மீன் அழுகினால் அம்மோனியா. அது தண்ணீரைக் கெடுக்க ஒரு ராத்திரி போதும்.

அமாவாசை, பௌர்ணமிக் கணக்கையும் கடலோரத்தில் கேட்கலாம். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டில் நிறைந்திருக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. பண்ணைக்கு நேரடியாகப் பயன்படுவது ஓதக் கணக்குதான்: இரண்டு நாட்களையும் ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும், தண்ணீர் மாற்ற அதுவே வசதியான நேரம். சதை இருக்கிறதா என்று பார்க்க வானத்தைப் பார்க்க வேண்டாம். காலின் மேல்பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் போதும். அமுங்கினால் உள்ளே தண்ணீர், கல் மாதிரி இருந்தால் சதை.

ஒரு மாதத்தில் முடியும் குறுக்குவழி

ஆறு மாதம் காத்திருக்க முடியாதவர்களுக்குக் கடலோரத்தில் ஒரு சின்ன வழி உண்டு. அண்மையில் ஓடு கழற்றிய, அளவில் பெரிய, உள்ளே சதை நிறையாத நண்டை வியாபாரிகள் ஒதுக்கிவிடுவார்கள். அதைக் குறைந்த விலைக்கு வாங்கி, 20 முதல் 30 நாள் தீனி போட்டுக் கெட்டியாக்கி விற்பதுதான் ‘கொழுக்க வைத்தல்’. பெண் நண்டு என்றால் சினை நிறையும் வரை வைப்பார்கள். மிதக்கும் பெட்டியில் தனித்தனியாக வைத்தால் ஒன்றை ஒன்று தின்னாது. ரீல்ஸில் காட்டும் பெட்டிகளில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. குட்டியில் இருந்து வளர்ப்பது அல்ல.

பெட்டியில் நடக்கும் இன்னொரு வேலை மென்ஓட்டு நண்டு. மியான்மர், தாய்லாந்து, வியட்நாமில் இது பெரிய தொழில். ஓடு கழற்றிய உடனே, அது கெட்டியாகும் முன் நண்டை எடுத்துக் குளிரூட்டிவிட வேண்டும். அதற்காகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பகலாக ஒவ்வொரு பெட்டியையும் பார்க்க ஆள் வேண்டும். “வேலைக்குப் போய்க்கொண்டே பார்ட் டைமில் செய்யலாம்” என்று யாராவது சொன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்து பார்ப்பது என்று கேளுங்கள்.

கணக்கு எங்கே உதைக்கும்?

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒன்று என்று 4,000 குட்டி விட்டதாக வைத்துக்கொள்வோம். பாதி பிழைத்து, ஒவ்வொன்றும் 400 கிராம் வந்தால் 800 கிலோ. பத்தில் மூன்றுதான் பிழைத்தது என்றால் 480 கிலோ. குஞ்சு, வேலி, ஆள், மின்சாரச் செலவு பெரும்பாலும் இரண்டுக்கும் ஒன்றுதான். ரீல்ஸில் காட்டுவது நூறு சதவீதம் பிழைத்த கணக்கு. அந்தக் கணக்கில் யார் வேண்டுமானாலும் கோடீஸ்வரர் ஆகலாம்.

விலைக்கும் காலண்டர் உண்டு. சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியில் இருந்து பிப்ரவரிக்குள் வரும். அதை ஒட்டி உயிர் நண்டுக்குத் தேவை ஏறும். அதற்கேற்ற மாதிரி நண்டைப் பிடிக்காமல் வைத்திருப்பவர்களும் உண்டு. 2020-ல் சீனப் புத்தாண்டு ஜனவரி 25. அந்த நேரம் பார்த்துத்தான் கொரோனா வந்து சீனாவுக்கான ஏற்றுமதி நின்றது. உச்ச விலை கிடைக்க வேண்டிய வாரத்தில் வாங்க ஆள் இல்லை. உயிர் நண்டைக் கிடங்கில் போட்டு வைக்க முடியாது. ஒரே நாட்டையும் ஒரே பண்டிகையையும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஜனவரி ஒரு பாடம்.

சரி, பாலாற்றங்கரை விஷயத்துக்கு வருவோம்

“எங்க போர் தண்ணியில உப்பு இருக்கே, அதுல விடலாமா?”

கூடாது. இரண்டு காரணம்.

முதலாவது, கடல் உப்பு என்பது சாப்பாட்டு உப்பு மட்டும் அல்ல. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு என்றால், அதில் மக்னீசியம் ஏறக்குறைய 1,300 மில்லிகிராம், கால்சியம் 400, பொட்டாசியம் சுமார் 400. நண்டு ஓடு கழற்றி, புது ஓட்டைக் கெட்டியாக்க இந்தத் தாதுக்கள் சரியான விகிதத்தில் வேண்டும். ஹரியானாவில் உவர் நிலத்தடி நீரில் இறால் வளர்க்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கேயும் அந்தத் தண்ணீரில் பொட்டாசியம் குறைவு என்பதைக் கண்டுபிடித்து, கணக்கிட்டுச் சேர்த்த பிறகே அது சாத்தியமானது.

இரண்டாவதுதான் பெரிய காரணம். நம்ம பகுதியில் பல கிணறுகளின் உப்பு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் 40 சதவீதம் வரை உப்புப் போடுவார்கள். தோலை ஊறவைக்கும்போது அது தண்ணீரோடு வெளியே வரும். பதனிடும்போது குரோமியம் சேரும். கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் வந்தாலும், பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கியது ஒரே நாளில் போய்விடாது. நண்டு அடிச்சேற்றில் மேயும் உயிர். உலோகங்களைத் தன் உடம்பில், குறிப்பாக நாம் விரும்பிச் சாப்பிடும் அந்த மஞ்சள் பகுதியில், சேர்த்து வைக்கும் தன்மை உண்டு. அப்படி வளர்ந்த நண்டை நீங்கள் உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பீர்களா?

“அப்படின்னா நல்ல தண்ணியில செயற்கைக் கடல் உப்பு கலந்து, பெட்டியில வளர்த்தா?”

தொழில்நுட்ப ரீதியாக முடியும். தண்ணீரைச் சுற்றவிட்டு, வடிகட்டி, நல்ல பாக்டீரியாவால் அம்மோனியாவை மாற்றி, மறுபடியும் பயன்படுத்தும் முறை இருக்கிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டர், கோடையில் 40 டிகிரி வெயிலுக்குக் குளிர்விக்கும் ஏற்பாடு, கடலோரத்தில் இருந்து உயிரோடு வரும் நண்டு என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதையும் ஏற்றுக்கொண்டால், ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

10,000 லிட்டர் தொட்டி, 15 பிபிடி. ஆரம்பிக்கவே 150 கிலோ உப்பு. வாரத்துக்குப் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் 1,000 லிட்டர் வெளியே போகும். அதோடு 15 கிலோ உப்பும் போகும். வருஷத்துக்கு 780 கிலோ. ஒரு சின்ன ஷெட்டில் இருந்து முக்கால் டன் உப்பு எங்கே போகும்? கடலோரத்தில் என்றால் பக்கத்தில் கடல் இருக்கிறது. இங்கே இருப்பது கால்வாய், ஏரி, பக்கத்து வீட்டுக் கிணறு.

ஒரே ஆண்டு, ஒரே நீதிபதி, ஒரே உப்பு

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளின் மாசு பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. ‘மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிப்படுத்தியது அந்தத் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங்.

அதே ஆண்டு டிசம்பர் 11. அதே நீதிபதி இன்னொரு தீர்ப்பு எழுதினார். நாகப்பட்டினம் பகுதியில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடிய காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கு அது. வயலும் குடிநீரும் பண்ணைகளால் உப்பாகின்றன என்பது அங்கிருந்த மக்களின் புகார். பாலாற்றங்கரையும் காவிரிக் கரையோரமும் ஒரே ஆண்டில், ஒரே பிரச்சினைக்காக நீதிமன்றத்தில் நின்றன: கிணற்றில் உப்பு.

இரண்டாவது வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. கடலோரத்தில் பண்ணை வைக்க இன்று அந்த ஆணையத்தில் பதிவு கட்டாயம். முதல் பிரச்சினை இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. தாய்லாந்தும் இதே பாடத்தைக் கற்றது. உள்நாட்டு நெல் வயல் பகுதிகளுக்கு உப்புத் தண்ணீரை லாரியில் கொண்டுபோய் இறால் வளர்க்க ஆரம்பித்தார்கள். மண் கெடுவதைப் பார்த்த அரசு 1998-ல் அதற்குத் தடை போட்டது.

உப்பால் இவ்வளவு பட்ட ஒரு மண்ணுக்கு, சின்ன அளவில் என்றாலும், நாமே போய் இன்னும் உப்பைக் கொட்டுவது நியாயமா? இதுதான் வேலூர், ஆம்பூர் பக்கம் நண்டு வளர்க்கலாமா என்ற கேள்விக்கு உண்மையான பதில்.

அப்போ ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். இடத்தை மாற்றுங்கள், அல்லது உயிரை மாற்றுங்கள்.

நண்டுதான் வேண்டும் என்றால் கடலோரத்துக்குப் போங்கள். வேலூரில் இருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். 1987 முதல் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. முட்டுக்காட்டில் அதன் கள நிலையம் உண்டு. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், சீர்காழியில் ராஜீவ் காந்தி மையம். முதலில் ஒரு பயிற்சி, பிறகு ஏற்கெனவே பதிவு பெற்ற பண்ணையாளர் ஒருவரோடு ஒரு பயிர்க்காலம் கூட்டாகச் செய்து பார்ப்பது, அதன் பிறகே சொந்த முதலீடு. முழுநேரம் அங்கே இருக்க ஆள் இல்லை என்றால், தொடங்காமல் இருப்பதே லாபம்.

ஊரிலேயே செய்ய வேண்டும் என்றால் நல்ல தண்ணீர் மீன் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால், விரால், அனுமதி பெற்று வளர்க்கும் கிஃப்ட் திலேப்பியா. உங்கள் பண்ணைக்குட்டைத் தண்ணீரை முதலில் ஆய்வகத்தில் கொடுத்து, உப்போடு உலோகங்களுக்கும் சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள். முடிவு நன்றாக இருந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், தகுதியான திட்டச் செலவில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது.

யாராவது “முதலீடு போடுங்க, நாங்களே வளர்த்துத் தர்றோம்” என்று வந்தால், பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

* குஞ்சு எந்தப் பொரிப்பகத்தில் இருந்து, எந்த மாதம் வருகிறது? பதிவு ரசீதைக் காட்ட முடியுமா?
* பண்ணைக்குக் கடலோர ஆணையப் பதிவு இருக்கிறதா?
* சென்ற பயிரில் எத்தனை விட்டு, எத்தனை பிடித்தார்கள்?
* தடைக்காலத்தில் தீவனம் எங்கிருந்து?
* அக்டோபர் மழைக்கு முன் அறுவடை முடியுமா? முடியாவிட்டால் இழப்பு யாருடையது?
* வெளியேறும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது?

ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லி ஆறாவதுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பண்ணையைப் பார்க்கப் போவதென்றால் பிப்ரவரியில் போகாதீர்கள். அப்போது கரை புதிதாக இருக்கும், வேலி நேராக நிற்கும், பேச்சும் இனிக்கும். அக்டோபர் கடைசியில், இரண்டு நாள் மழை பெய்த பிறகு போங்கள். குளம் வற்றி, கணக்கு முடிந்து, பண்ணைக்காரர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். மழையில் நனைந்துகொண்டே மதகுப் பலகையை இழுத்துக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு கை கொடுத்துவிட்டு, பணத்தை பேங்கிலேயே வைத்திருங்கள்.